தொண்டை கட்டிப்போன கும்மி வாத்தியாருக்கு ஊசி வேண்டாமுங்க

கேள்வி: டாக்டருங்களுக்கு வணக்கமுங்க. நாங்க காங்கேயம் பக்கத்துல ஒரு கிராமம். என்ற வீட்டுக்காரர் வள்ளி கும்மி வாத்தியாருங்க, வயசு 41. தைப்பூசத்தப்போ தொண்டை கட்டுச்சு, இப்ப வைகாசி பொறந்தும் தெளியவே இல்லை. காலைல பேச்சே வர்றதில்ல, பொழுதோட கொஞ்சம் தெளியுது, மேல் சுதி போனா வெறும் காத்துதான் வருது. அரங்கேற்றம் இருக்கற அன்னைக்கு மெடிக்கல் கடையில ஒரு ஊசி போட்டுட்டுப் போறாரு, அன்னைக்கு மட்டும் கணீர்னு பாடறாரு, ரெண்டு நாள்ல மறுக்கா பழைய கதைதான். பங்குனியில வாரத்துக்கு ரெண்டு மூணு ஊசி போட்டிருக்காரு. ஒரு டாக்டர்கிட்ட போனோம், ஆறு மாசத்துக்கு வாயே தொறக்காதீங்கன்னுட்டாரு, அதுல இருந்து டாக்டர்ங்கற பேச்சையே எடுக்க வுடறதில்ல. ராத்திரி தூங்கறதில்ல, குடி எச்சாயிருச்சு. போன வாரம் "தொண்டை போச்சுன்னா நான் ஆரு, இருந்து என்ன பண்ண"ன்னு கேட்டாரு. கலைஞர்களுக்குன்னு டாக்டருங்க இருக்காங்களா, இல்ல அதெல்லாம் மெட்ராஸ் சபாவுல பாடறவங்களுக்கு மட்டும்தானா? என்ற பையனுக்கு 12 வயசு, அப்பங்கூடவே பாடறான், அவனை நிறுத்தீரலாமுங்களா?

பதில்: அம்மிணி, தொண்டையப் பத்தி அப்புறம் சொல்றேன், மொதல்ல அவரு போன வாரம் கேட்டாருன்னு எழுதியிருக்கீங்களே அந்த வார்த்தை. அதை வெசனத்துல பேசுனதுன்னு வுட்ராதீங்க. இன்னைக்கே, அவரு குடிக்காம இருக்கற நேரமாப் பாத்து, பையன் பக்கத்துல இல்லாதப்ப உக்காந்து நேராவே கேளுங்க, "செத்துப்போயிறலாம்னு நெனப்பு வருதுங்களா"ன்னு அந்த வார்த்தையிலயே. இப்படிக் கேட்டா இல்லாத நெனப்பை நாமளே கெளப்பி வுட்ட மாதிரி ஆயிருமோன்னு எல்லாருக்கும் பயம், அப்படி ஆகாதுங்க, உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கற ஆளுக்குக் கேக்க ஒருத்தர் வந்ததே பாதி பாரம் எறங்குன மாதிரி இருக்கும். ஆமான்னு சொன்னாலோ, பதில் சொல்லாம எந்திரிச்சுப் போனாலோ தனியா வுட வேண்டாம், அன்னைக்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மனநல டாக்டர் அங்க இருக்காரு. போறதுக்கு மின்னாடி ஆருகிட்டயாவது பேசணும்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்ப வேணாலும் தமிழ்லயே பேசலாம், அவருதான் பேசோணும்னு இல்ல, நீங்களே பேசிக் கேட்டுக்கலாம். இன்னொண்ணு, காட்டுக்கு அடிக்கற மருந்து டப்பா வீட்டுலயோ மோட்டார் ரூம்லயோ இருந்தா இன்னைக்கே எடுத்து உங்கண்ணன் தம்பி ஆரு வீட்டுலயாவது பூட்டி வெச்சிருங்க. குடிச்ச நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல அது இருக்கக்கூடாது, நம்ம பக்கத்துல எத்தனை உசுரு அப்படி ஒரு அரை மணி நேர ஆத்திரத்துல போயிருக்குன்னு ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்க அத்தனை பேருக்கும் தெரியும்.

இப்ப தொண்டைக்கு வர்றேன்.

தொண்டைக்குள்ள சத்தம் எழுப்பற குரல் நாண் ரெண்டு இருக்கு, ஆம்பளைக சாதாரணமா பேசறப்பவே செகண்டுக்கு 100 தடவைக்கு மேல அது ஒண்ணோட ஒண்ணு தட்டுது, சுதி ஏத்திப் பாடறப்ப 200, 300ன்னு போகும். கும்மி புதுசாக் கத்துக்கறவங்களுக்கு மொத வாரத்துல உள்ளங்கை செவந்து போயி, தொடர்ந்து தட்டத் தட்ட காப்புக் காய்ச்சுப் போகுதில்லீங்களா, அதே மாதிரிதான் நாணோட ஓரத்துலயும் தட்டித் தட்டி மொதல்ல வீங்கும், பொறகு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா தடிப்பு விழுகும். இதைத்தான் நாட்யூல்ங்கறோம். தடிப்பு இருக்கறதால நாண் ரெண்டும் முழுசா மூடாது, அந்த எடைவெளியில காத்து வெளிய போயிரும், நீங்க எழுதியிருக்கற "மேல் சுதி போனா காத்துதான் வருது"ங்கறது பெரும்பாலும் இதுதான். ஆனா இதுவேதான்னு நான் இங்க உக்காந்துட்டு எழுதக்கூடாது. பாலிப்னு ஒரு பக்கம் மட்டும் வர்ற கட்டியா இருக்கலாம், பாடறப்ப ரத்தக்குழாய் வெடிச்சு நாண்ல ரத்தம் கட்டியிருக்கலாம், நெஞ்சு கரிப்பால வந்த வீக்கமா இருக்கலாம், நாண்ல ஒண்ணுமே இல்லாம கழுத்துத் தசை இறுகிப்போயிக்கூட இருக்கலாம். பீடி, ஹான்ஸ் இதெல்லாம் உண்டான்னு நீங்க எழுதல. உண்டுன்னா குடியும் கூட இருக்கறப்ப புத்துநோயான்னும் பாத்தே ஆகோணும், நாண்ல வர்றதை ஆரம்பத்துலயே புடிச்சா நல்லாவே குணப்படுத்தலாமுங்க, அதனாலதான் சொல்றேன்.

தொண்டைக் கட்டு மூணு நாலு வாரத்துக்கு மேல போனாலே உள்ள பாத்துரணும், உங்களுக்கு நாலு மாசமாச்சு. ஸ்கோப்புன்னதும் பயப்பட வேண்டாம், மூக்கு வழியாவோ வாய் வழியாவோ சின்னக் கேமராவ வுட்டு டிவியில பாக்கறது, மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சுட்டுத்தான் பண்ணுவாங்க, அஞ்சு பத்து நிமிசத்துல முடிஞ்சிரும், படுக்க வேண்டியதும் இல்ல. அவரோட நாணை அவரே டிவியில பாக்கற மாதிரி உக்கார வெக்கச் சொல்லுங்க. நான் பாத்தவரைக்கும் பாடறவங்க கிட்ட ஆயிரம் அட்வைஸ் சொல்றதை வுட இந்த ஒரு காட்சிதான் வேலை செய்யுது, தடிப்பு இருக்கற எடமும் பாடறப்ப அது முட்டறதும் கண்ணு மின்னாடி தெரிஞ்சா அதுக்கப்பறம் அவங்களே கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவாங்க.

அந்த ஊசி. பேரு எழுதலைன்னாலும், ஒரே நாள்ல கணீர்னு ஆகுதுன்னா அது அனேகமா ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோனோ பெட்னிசாலோ ரெண்டுல ஒண்ணா இருக்கும். வீக்கத்தை சட்டுனு எறக்கும், அதனால குரல் தெளிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா வீக்கம் வந்த காரணம் அப்படியேதான் இருக்கு, அது தெரியாம அன்னைக்கு ராத்திரி பூரா முழுத் தொண்டையில பாடறாரு, அடிபட்ட எடத்துலயே அடி மேல அடி விழுகுது. வலி வேற தெரியாது, நாணுக்குத் தோல்ல இருக்கற மாதிரி வலி உணர்ச்சி கிடையாது, அதனால எப்ப நிறுத்தணும்னு உடம்பு சொல்லவே சொல்லாது. அப்படிப் பாடறப்பதான் ரத்தக்குழாய் வெடிக்கறதும் நடக்குது. இதுக்கு நடுவுல தலைவலி மேல்வலின்னு ஆஸ்பிரின் போட்டா ரத்தம் கட்டறதுக்கு இன்னும் வழி. பாடற டாப் கலைஞர்களுக்கு நாங்களும் ஸ்டீராய்டு தர்றதுண்டு, இல்லைன்னு சொல்லல, தவிர்க்கவே முடியாத ஒரு மேடைக்கு, ஸ்கோப்புல பாத்து ரத்தக்கட்டு இல்லைன்னு தெரிஞ்சப்பறம், எத்தனை நாள்னு கணக்கு வெச்சுத் தர்றது, அதுவும் ஒரு தடவை. பங்குனி பூரா வாரத்துக்கு மூணுங்கறது நெம்பத் தப்பு. சக்கரை ஏறும், பிரசர் ஏறும், தூக்கம் கெடும், மனசை ஒரு நாள் தூக்கிவிட்டு அடுத்த நாள் கீழ போடும். அவரு தூங்காம கெடக்கறதுலயும், எரிஞ்சு வுழுந்தா அதுலயும் இந்த ஊசிக்கும் ஒரு பங்கு இருக்கலாமுங்க, அதனால அவரு கொணம் மாறிப்போச்சுன்னு மட்டும் நெனக்காதீங்க. டாக்டர்கிட்ட போறப்ப எத்தனை ஊசி, எந்த மாசம், கூட மாத்திரையும் உண்டான்னு ஒளிக்காமச் சொல்லுங்க, தொடர்ந்து எடுத்திருந்தா ஒரேயடியா நிறுத்தறதுலயும் சிக்கல் உண்டு, பதமாத்தான் எறக்கோணும். மருந்துச் சீட்டு இல்லாம ஊசி போட்டுவுடற கடைக்காரர் கிட்டயும் நீங்க ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருங்க, அவரு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணிட்டு இருப்பாரு.

ஆறு மாசம் வாய் தொறக்காதேன்னு சொன்ன டாக்டரைக் கொறை சொல்லல, ஆனா நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரத்தக்கட்டு இருந்தாலோ ஆபரேசன் பண்ணியிருந்தாலோ சில நாள், மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு வாரம் முழு மௌனம் வேணும், மத்தபடி மாசக்கணக்குல பேசாம இருக்கறது தசையத்தான் வலுவிழக்கப் பண்ணும். அதை வுட முக்கியம், பாடறதுதான் அவருக்குச் சோறு, ஊருக்குள்ள வாத்தியாருன்னு கூப்பிடற மரியாதை, சாயந்தரமானா பத்து ஊருச் சனம் காத்துட்டிருக்கற சந்தோசம், அத்தனையும் ஒரே வரியில எடுத்துட்டா மனுசன் மறுக்கா டாக்டர் பக்கம் எதுக்கு வருவாரு, எந்த டாக்டர் நிறுத்துன்னு சொல்லாம இருக்கானோ அவன்கிட்டத்தான் போவாரு, அது ஊசி போடற எடமாப் போச்சு. கலைஞனுக்கு வைத்தியம் பாக்கறவங்க மொதல்ல கேக்க வேண்டியது "அடுத்த நிகழ்ச்சி எப்ப, எதை வுட முடியும், எதை வுட முடியாது"ங்கறதுதான்.

நாட்யூலா இருந்தா மொத வைத்தியம் கத்தி இல்லீங்க, குரல் பயிற்சிதான். ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட ஆறு எட்டு வாரம் போகோணும், டம்ளர் தண்ணியில ஸ்ட்ரா வுட்டு ஊதிட்டே சுதி புடிக்கறது, வயித்துல இருந்து மூச்செடுக்கறதுன்னு சொல்லித் தருவாங்க, பாக்கறதுக்கு வெளையாட்டு மாதிரி இருக்கும், நாணை அடிக்காம எப்படி முழங்க வெக்கறதுன்னு கத்துக்கற வழி அது. நெறைய பேருக்கு இதுலயே தடிப்பு கொறஞ்சிருது. பாலிப்புன்னா ஆபரேசன் தேவைப்படலாம், மைக்ராஸ்கோப் வெச்சு வாய் வழியாப் பண்றது, கழுத்துல கிழிக்க மாட்டாங்க. பண்ணினாலும் பயிற்சி வேணும், பழைய மாதிரியே பாடுனா மறுக்கா வரும். ஆபரேசன்ல ரிஸ்க்கே இல்லைன்னும் சொல்ல மாட்டேன், ஹாலிவுட்டுல ஜூலி ஆண்ட்ரூஸ்னு பெரிய பாடகி 1997ல நாண்ல ஆபரேசன் பண்ணி பாடற குரலையே எழந்தாங்க, 2011ல இங்கிலாந்துப் பாடகி அடெல் பண்ணிட்டு மறுபடி வந்து பாடிட்டுத்தான் இருக்காங்க. அதனால அவசரப்பட்டும் பண்ண வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம், பாடறவங்க தொண்டைய வழக்கமாப் பாக்கற சர்ஜன்கிட்ட பண்ணுங்க.

அவரு தொண்டை கெட்டுது மேடையிலன்னு நெனச்சுட்டு இருப்பாரு. நான் சந்தேகப்படறது அரங்கேற்றத்தை இல்ல, அதுக்கு மின்னாடி நடக்கற பயிற்சிய. மாசக்கணக்குல சாயந்தரம் ஏழு மணிக்கு மேல கோயில் வாசல்லயோ பள்ளிக்கூட மைதானத்துலயோ அம்பது நூறு பேர் வட்டம் கட்டி நிக்க, நடுவுல நின்னுட்டு மைக் இல்லாம அடி எடுத்துக் குடுத்து, "அந்தக் கடைசி வரிசை, கை மாத்துங்க, வலதுகாலு வலதுகாலு"ன்னு கத்தி, கைதட்டற சத்தத்துக்கு மேல பாடி, அப்படியே வண்டிய எடுத்துட்டு அடுத்த ஊருக்கு ஒம்பது மணி பேட்சுக்குப் போறது. சுத்தியும் சத்தம் இருந்தா நாம கேக்காமலே தொண்டை தன்னால ஒசரும், லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு தொண்டை டாக்டர் 100 வருசத்துக்கு மின்னாலயே இதை எழுதி வெச்சிருக்காரு. பள்ளிக்கூட டீச்சருங்க இடுப்புல மாட்டிக்கற சின்ன மைக் செட்டு இருக்குல்ல, அதை வாங்கிக் குடுத்துருங்க, எந்த மருந்தையும் வுட அதுதான் பலன் தரும். "கை மாத்து, காலு மாத்து"ங்கறதுக்கெல்லாம் விசில் ஊதட்டும், இல்ல நல்லாக் கத்துக்கிட்ட புள்ளைங்க ரெண்டு பேர வுட்டு சொல்லச் சொல்லட்டும். மேடையில அவருக்குத் தன் குரல் கேக்கற மாதிரி ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் அவரு பக்கம் திருப்பி வெக்கச் சொல்லுங்க. ஒரே நாள்ல ரெண்டு ஊரு பேட்ச் வேண்டாம். தொண்டை கட்டியிருக்கறப்ப கிசுகிசுன்னு பேசறதும் ஓயாம கனைக்கறதும் நாணுக்கு ஆகாது, கனைக்கத் தோணுனா ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு முழுங்கச் சொல்லுங்க.

சாப்பாடும் பாருங்க. பயிற்சி முடிஞ்சு பத்தரை மணிக்கு அந்த ஊருக்காரங்க அன்பா பந்தி போட்டு கறிச்சோறு போடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் படுக்கை. படுத்ததும் வயித்துல இருக்கற அமிலம் மேல ஏறி நாண் மேல படும், காலைல பேச்சு வராம பொழுதோட தெளியறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏழு மணிக்கு மின்னாடியே சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க, கட்டில் தலைமாட்டுக்கு ரெண்டு செங்கல் வெச்சு ஒசத்துங்க. சித்தரத்தை, அதிமதுரம், மிளகுப்பால் எல்லாம் தொண்டைக்கு எதமா இருக்கும், வேண்டாங்கல, ஆனா முழுங்கறது எதுவும் குரல் நாணைத் தொடாது, தொட்டா பொறை ஏறிரும். அதிமதுரத்தை தெனமும் அள்ளிப் போட்டா பிரசர் ஏறும். நாணுக்குப் போயிச் சேர்றது ஆவிதான், அதுவும் வெறும் வெந்நீர் ஆவி போதும், பச்சைத் தைலம் எல்லாம் போட்டா காஞ்சு போகும்.

கலைஞர்களுக்குன்னு டாக்டர் உண்டான்னு கேட்டீங்க. உண்டுங்க, புதுசும் இல்ல, இத்தாலியில ரமாஸினின்னு ஒரு டாக்டர் 1700லயே தொழில் செய்யறவங்களுக்கு வர்ற சீக்கப் பத்தி புஸ்தகம் எழுதுனாரு, அதுல பாடறவங்களும் இருக்காங்க. இங்கிலாந்துல 1984ல கலைஞர்கள் மருத்துவத்துக்குன்னே ஒரு சங்கம், அமெரிக்காவுல 1989ல ஒண்ணு. நம்மூர்ல அப்படி தனி போர்டு தேடிட்டு இருக்க வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், மனநல டாக்டர் மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ கெடைக்கற எடம் போதும், அது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில உண்டு. உங்களுக்குத் திருப்பூர் பக்கம், பெருந்துறையும் பக்கம், பெரிய ஆபரேசன்னா கோயமுத்தூர். ஆபரேசன் வேணும்னு ஆச்சுன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துட்டுப் போங்க, வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, உங்க சிகிச்சை அதுல வருதான்னு அங்கிருக்கற காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுக்கோங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல அவரு பதிஞ்சிருக்காரான்னும் பாருங்க, இல்லைன்னா கோவை மண்டல கலை பண்பாட்டு மையத்துல வெவரம் கேட்டு பதியச் சொல்லுங்க.

கும்மி, ஒயிலாட்டக் குழு வெச்சிருக்கறவங்களும் நோம்பி கமிட்டிக்காரங்களும் இதைப் படிச்சீங்கன்னா உங்களுக்கும் ஒண்ணு ரெண்டு சொல்லணும். ஆட வர்ற பொம்பளைங்க சாயந்தரம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல, ஏன்னா போற எடத்துல கக்கூஸ் இருக்காது. தார் ரோட்டுல, சிமெண்ட் தரையில வெறுங்கால்ல மூணு மணி நேரம் ஆடிட்டு, தண்ணியும் குடிக்காம, வீட்டுக்கு வந்து நீர்க்கடுப்புன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. பந்தலுக்கும் லைட்டுக்கும் செலவு பண்றப்ப ஒரு சுத்தமான கழிவறைக்கும் பண்ணுங்க. பம்பை, உருமி, ஜமாப் அடிக்கற பசங்களுக்குக் காது அடைப்பான் வாங்கிக் குடுங்க, 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் தாங்கற காது 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான் தாங்கும், ராத்திரி முடிஞ்சு காதுல கொய்ங்னு கேக்குதுன்னா அடி பட்டுருச்சுன்னு அர்த்தம். போன காது திரும்ப வராதுங்க.

மறுக்கா அவரு மனசுக்கு வர்றேன். தைல இருந்து வைகாசி வரைக்கும் ராத்திரி பகல் தெரியாத ஓட்டம், ஊரே கொண்டாடுது, அது சட்டுனு நின்னு போயி ஆடி பொரட்டாசியில திண்ணையில உக்காந்திருக்கறது பாடறவங்க ஆடறவங்க எல்லாத்துக்குமே கஷ்டமான காலம். தூக்கம் தலைகீழாப் போயிருக்கும், கையில காசு கொறையும், போன் அடிக்காது, அந்த நேரத்துக்குத்தான் குடி நொழையுது. இவருக்குக் குரலும் கூட போகுதேங்கற பயம். பயம் வந்தா கழுத்துத் தசை இறுகும், இறுகுனா குரல் இன்னும் கெடும், கெட்டா பயம் இன்னும் ஏறும், இதனாலதான் தொண்டைக்கும் மனசுக்கும் ஒரே சமயத்துல வைத்தியம் பாக்கணும்ங்கறேன். "நீ பைத்தியக்கார டாக்டர்ட்ட போ"ன்னு கேக்கற மாதிரி அவரு காதுல விழுகக்கூடாது, "பாடறதுக்காகப் போலாமுங்க, பாட்ட நிறுத்தறதுக்கு இல்ல"ன்னு சொல்லுங்க. அவரு மதிக்கற மூத்த வாத்தியார் ஆராவது இருந்தா கூட வரச் சொல்லுங்க, அந்தத் தலைமுறையில தொண்டைய எழந்தவங்க இல்லாத குழுவே இருக்காது, அவங்க சொன்னா கேப்பாரு. குடியை ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம், தெனமும் குடிக்கறவரு திடீர்னு நிறுத்துனா கை நடுக்கம், வலிப்புன்னு வரலாம், அதையும் டாக்டர்கிட்டயே வெச்சுப் பண்ணலாம். ஆடி மாசத்துக்கு ஒரு வேலை ஒதுக்குங்க, புதுப் பாட்டு எழுதறதோ, பசங்களுக்கு தாளம் சொல்லித் தர்றதோ, குரலைக் கம்மியாக் கேக்கற வேலை.

மூச்சு வுட செரமம், சளியில ரத்தம், முழுங்கறப்ப வலி, கழுத்துல கட்டி இதுல எது இருந்தாலும் நாள் பாத்துட்டு இருக்காம அன்னைக்கே போயிருங்க.

பையனை நிறுத்த வேண்டாம், பாடட்டும். 12ல இருந்து 15க்குள்ள அவனுக்குக் குரல் ஒடையும், அந்த நேரத்துல அப்பன் சுதியிலயே பாடோணும்னு கட்டாயப்படுத்தக்கூடாது, எறக்கிப் பாடட்டும், ஒடைஞ்சா ஒடையட்டும், சிரிக்காம இருங்க. ஊசி போட்டுட்டுத்தான் மேடைக்குப் போகணும்னு மட்டும் அவன் பாத்துப் பழகிறக் கூடாது. ஸ்கோப் ரிப்போர்ட் வந்தா எழுதுங்க, அடுத்த சீசனுக்கு எத்தனை ஊரு ஒத்துக்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.